யாருக்கு அப்புறம் யாரு? பாண்டியர் பட்டியலைப் பற்றி ஒரு குறை

"அண்ணே, பள்ளிமடத்துக் கோயில்ல இருக்கிற கல்வெட்டு எந்த ராஜாவோடது? அந்த ராஜாவுக்கு அப்புறம் யாரு வந்தா?"

அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிற தம்பி ஒருவன் கேட்டது இது. கையில் ஒரு நோட்டு. நோட்டில் பாண்டியர் பெயர்கள் மேலிருந்து கீழாக வரிசை வரிசையாக. ஒவ்வொரு பெயருக்கும் நேராக ஆண்டு. ஒரு பெயருக்கும் அடுத்த பெயருக்கும் நடுவில் கீழ்நோக்கி ஓர் அம்புக்குறி. அந்த அம்புக்குறியைப் பார்த்ததும்தான் இந்தக் கட்டுரையை எழுதத் தோன்றியது. தம்பி மேல் தப்பு ஒன்றுமில்லை, அவனுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். எனக்குக் குறை அந்த அம்புக்குறி மேல்தான்.

அம்புக்குறி என்ன சொல்கிறது? இவர் போனார், அவர் வந்தார் என்கிறது. தகப்பன் போய் மகன் வந்தாரா, அண்ணனைக் கொன்று தம்பி வந்தாரா, வெளியூர்ப் படை கொண்டுவந்து உட்கார வைத்ததா என்பதெல்லாம் அந்த ஒரு கோட்டுக்குள் காணாமல் போய்விடுகிறது. பாண்டிய நாட்டு வரலாற்றில் முக்கியமானது அத்தனையும் அந்தக் கோட்டுக்குள்தான் கிடக்கிறது என்பது என் கட்சி. எங்கள் வட்டாரத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

பட்டியலில் இடம் கிடைக்காத ராஜா

பாலவனத்தத்திலிருந்து கிழக்கே அருப்புக்கோட்டை தாண்டிப் போனால் திருச்சுழி. குண்டாற்றங்கரை ஊர். சுந்தரர் பாடிய தலம், ரமண மகரிஷி பிறந்த ஊர் என்று பலருக்கும் தெரியும். அதை ஒட்டினாற்போல இருக்கிற சின்ன ஊர் பள்ளிமடம். அங்கே உள்ள சிவன் கோயிலைப் பழைய கல்வெட்டுகள் திருச்சுழியல் பள்ளிப்படை சுந்தரபாண்டிய ஈசுவரம் என்று குறிக்கின்றன.

பள்ளிப்படை என்றால் இறந்த அரச குடும்பத்தார் நினைவாக எடுத்த கோயில். சோழ நாட்டில் பழையாறைப் பக்கம் பஞ்சவன்மாதேவிக்கு ராஜேந்திரன் எடுத்தது போல. ஆக, சுந்தரபாண்டியன் என்று ஒருவன் இறந்து, அவன் பெயரால் இந்தக் கரிசக்காட்டில் ஒரு கோயில் எழுந்திருக்கிறது. சோழன் தலைகொண்ட வீரபாண்டியன் ஆட்சியில், அதாவது 10-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், அந்தக் கோயிலுக்கு விளக்கெரிக்க ஆடு விட்டிருக்கிறார்கள். அப்படியானால் சுந்தரபாண்டியன் அதற்குள் இறந்தவன்.

சரி, நோட்டில் அவன் எங்கே? வீரபாண்டியனுக்கு முன்னால் பெரும்பாலான பட்டியல்களில் இருப்பது மூன்றாம் ராசசிம்மன். முதலாம் பராந்தகனிடம் மதுரையை இழந்து இலங்கைக்குப் போனவன். அவனிலிருந்து வீரபாண்டியனுக்கு நேராக ஓர் அம்புக்குறி. தனக்கென்று ஒரு பள்ளிப்படைக் கோயிலே இருக்கிற சுந்தரபாண்டியனுக்கு அந்த அம்புக்குறிக்குள் இடம் கிடைக்கவில்லை. மதுரையில் முடி சூடியவனா, முடிக்கு உரியவனாக இருந்து அதற்கு முன்பே செத்தவனா, சோழருக்குப் பயந்து உள்நாட்டில் ஒதுங்கி ஆண்டவனா? இந்தக் கேள்வியைக் கேட்கவே பட்டியல் விடுவதில்லை. நம்ம ஊர்ப் பிள்ளை கையில் இருக்கிற வரலாற்றில் நம்ம ஊர்ப் பள்ளிப்படை இல்லை. இது சின்ன விஷயமாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை.

முடியைத் தேடி நூறு வருஷம்

இந்த ராசசிம்மன் கதையில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அவன் இலங்கைக்குப் போனபோது பாண்டியர் முடியையும் மற்ற அரச சின்னங்களையும் கூடவே கொண்டுபோய் அங்கே விட்டுவிட்டு, பிறகு கேரளத்துக்குப் போய்விட்டான். இலங்கையின் சூளவம்சம் இதைச் சொல்கிறது. மதுரையைப் பிடித்த பராந்தகனுக்கு ஊர் கிடைத்தது, முடி கிடைக்கவில்லை. அவன் அதைக் கேட்டு இலங்கைக்கு ஆள் அனுப்பினான், பிறகு படையும் அனுப்பினான். இலங்கை மன்னன் சின்னங்களைத் தூக்கிக்கொண்டு தெற்கே ரோகணத்துக்குப் போய்விட்டான். சோழப்படை வெறுங்கையோடு திரும்பியது. கடைசியில் முதலாம் ராஜேந்திரன்தான் 1017 வாக்கில் அந்த முடியையும் இந்திரன் ஆரத்தையும் கைப்பற்றினான். தன் மெய்க்கீர்த்தியில் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறான்.

ஊர் கையில் இருக்கும்போது ஒரு கிரீடத்துக்காக ஏன் நூறு வருஷம் அலைய வேண்டும்? வெட்டிப் பிடித்தவன் வேறு, ராஜா வேறு என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான். பிடிப்பதற்கு வாள் போதும். ஆண்ட பிறகு "இவன் எங்க ராஜா" என்று நாடு சொல்ல வேறு ஏதோ வேண்டும். முடி அந்த வேறு ஏதோவில் ஒன்று.

முடி கைக்கு வந்த மறு வருஷம் வாக்கில், 1018-ஐ ஒட்டி, ராஜேந்திரன் மதுரையில் அரண்மனை கட்டித் தன் மகனை உட்கார வைத்தான். அவனுக்கு வைத்த பெயர் சடையவர்மன் சுந்தர சோழ பாண்டியன். சடையவர்மன், மாறவர்மன் என்பவை பாண்டியர் மாறி மாறிச் சூடிக்கொள்ளும் பட்டப்பெயர்கள். சோழர்களுக்கு ராஜகேசரி, பரகேசரி இருப்பது போல. சோழ ராஜகுமாரன் மதுரைக்கு வந்ததும் பாண்டியர் பட்டத்தை எடுத்துக்கொண்டான். அவனுக்குப் பின்னால் வந்த சோழ பாண்டியர்களும் மாறவர்மன் விக்கிரம சோழ பாண்டியன், மாறவர்மன் பராக்கிரம சோழ பாண்டியன் என்று அதே வழக்கத்தில்தான் நின்றார்கள். வீட்டைப் பிடித்தவன் வீட்டுப் பெயரையும் சேர்த்துப் போட்டுக்கொண்ட கதை.

இங்கிலாந்தை இந்த இடத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். அங்கேயும் அதே காலம்தான். டென்மார்க்கிலிருந்து வந்த ஸ்வெய்ன் 1013-இல் இங்கிலாந்தைப் பிடித்தான். சாக்ஸன் மன்னன் எதல்ரெட் நார்மண்டிக்கு ஓடினான். அடுத்த வருஷமே ஸ்வெய்ன் செத்துப் போக, எதல்ரெட்டைத் திரும்பக் கூப்பிட்டார்கள். 1016-இல் எதல்ரெட்டும் இறந்தான், அதே வருஷக் கடைசியில் அவன் மகன் எட்மண்டும் இறந்தான். ஸ்வெய்னின் மகன் கன்யூட் ராஜாவானான். அவன் செய்த இரண்டு காரியங்கள் முக்கியம். 1017-இல் எதல்ரெட்டின் விதவை எம்மாவைக் கல்யாணம் செய்துகொண்டான். 1018-இல் ஆக்ஸ்போர்டில் கூடிய கூட்டத்தில், பழைய சாக்ஸன் மன்னன் எட்கர் காலத்துச் சட்டமே தொடரும் என்று டேனியரும் ஆங்கிலேயரும் ஒத்துக்கொண்டார்கள்.

மதுரையில் சோழன் பாண்டியர் பட்டப்பெயரைச் சூடினான். லண்டனில் டேனியன் சாக்ஸன் சட்டத்தைச் சூடினான். இருவரும் ஒருவரை ஒருவர் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பே இல்லை. ஆனாலும் வென்றவனுக்கு என்ன தேவை என்பது இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி விளங்கியிருக்கிறது.

இப்போது பட்டியலுக்கு வருவோம். ஆங்கிலேயர் தங்கள் ராஜாக்கள் பட்டியலில் கன்யூட்டைச் சேர்த்துக்கொண்டார்கள். அவன் மகன்கள் இருவரையும் சேர்த்துக்கொண்டார்கள். சாக்ஸனுக்குப் பின் டேனியன், டேனியனுக்குப் பின் மறுபடி சாக்ஸன், பிறகு நார்மன் என்று ஒரே வரிசை. நம்ம பட்டியலில் சோழ பாண்டியர் பாண்டியர் அத்தியாயத்தில் வரமாட்டார்கள், சோழர் அத்தியாயத்தில் ஒரு பத்தியாக வருவார்கள். வீரபாண்டியனுக்குப் பின் பாண்டியர் வரிசையில் பெரிய பள்ளம் ஒன்று விழும். ஒரே மாதிரி நிகழ்ச்சிதான். அங்கே வரிசை, இங்கே பள்ளம். பட்டியல் என்பது நடந்ததன் படம் இல்லை, போட்டவர் எடுத்த முடிவு. அந்த முடிவு தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. முடிவு எடுத்திருக்கிறோம் என்பதையாவது பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாமா?

ஆங்கிலேயர் பட்டியலும் யோக்கியம் இல்லை. 1066-இல் ஹேஸ்டிங்ஸ் போரில் ஹரால்ட் விழுந்த பிறகு லண்டனில் கூடியவர்கள் எட்கர் என்ற சாக்ஸன் இளவரசனை ராஜாவாகத் தேர்ந்தெடுத்தார்கள். முடி சூட்டுவதற்குள் வில்லியம் நெருங்கிவிட, எட்கர் பணிந்துவிட்டான். கிறிஸ்துமஸ் அன்று வில்லியத்துக்கு முடி. எட்கர் அதற்கப்புறமும் பல வருஷம் உயிரோடு இருந்தான், பட்டியலில் மட்டும் இல்லை. 1085 கடைசியில் வில்லியம் எடுக்கச் சொன்ன டூம்ஸ்டே கணக்குப் புத்தகம் இன்னும் ஒரு படி மேலே போனது. ஒவ்வொரு நிலமும் எட்வர்ட் ராஜா காலத்தில் யாரிடம் இருந்தது, இப்போது யாரிடம் இருக்கிறது என்று எழுதிக்கொண்டே போகும். நடுவில் ஒன்பது மாதம் முடிசூடி ஆண்ட ஹரால்டைப் பெரும்பாலும் பிரபு என்றே குறிக்கும், ராஜா என்று சொல்லாது. எட்வர்டிலிருந்து வில்லியத்துக்கு நேராக அம்புக்குறி. தம்பி நோட்டில் பார்த்த அதே அம்புக்குறி.

ஒரே போருக்கு இரண்டு முடிவு

12-ஆம் நூற்றாண்டுக்கு வந்தால் அம்புக்குறி அறவே உதவாது. 1160-களில் மதுரையில் பராக்கிரம பாண்டியன் இருக்கிறான். குலசேகர பாண்டியன் வந்து முற்றுகை போடுகிறான். பராக்கிரமன் இலங்கை மன்னன் முதலாம் பராக்கிரமபாகுவிடம் உதவி கேட்கிறான். இலங்காபுரன் என்ற தண்டநாயகன் தலைமையில் படை புறப்படத் தயாராகும்போதே, பராக்கிரமன் குடும்பத்தோடு கொல்லப்பட்டான் என்று சேதி வந்துவிடுகிறது. ஆனாலும் படை நிற்கவில்லை. மதுரையைப் பிடித்து, செத்தவன் வம்சத்தில் ஒருவனுக்கு முடி சூட்டு என்று உத்தரவு. ராமேசுவரத் தீவில் இறங்கி, குந்துகால் என்ற இடத்தில் பராக்கிரமபுரம் என்று கோட்டை கட்டி, அங்கிருந்து ஊர் ஊராக உள்ளே வருகிறார்கள். இன்றைய ராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்கள்தான் போர்க்களம். செத்த பராக்கிரமனின் மகன் வீரபாண்டியனுக்கு மதுரையில் முடி சூட்டுகிறார்கள்.

சூளவம்சம் இந்தப் போரை விரிவாகச் சொல்லி, வெற்றியோடு முடித்துவிடுகிறது. வெற்றியின் நினைவாகப் பராக்கிரமபாகு பாண்டுவிஜயகம் என்று ஓர் ஊரை ஏற்படுத்தினான், பிடிபட்ட தமிழர்களைக் கொண்டு அநுராதபுரத்துப் பெரிய தாதுகோபத்தைப் பழுதுபார்த்தான் என்றெல்லாம் எழுதியிருக்கிறது. அதோடு சுபம்.

சோழ நாட்டுக் கல்வெட்டுகளைப் படித்தால் கதை வேறு. குலசேகரன் சோழன் இரண்டாம் ராஜாதிராஜனிடம் ஓடிவருகிறான். காஞ்சிபுரம் பக்கத்து ஆர்ப்பாக்கத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. ஈழப்படை ராமேசுவரம் கோயிலைக் கொள்ளையிட்டதையும், சோழ நாட்டுக்குள் வந்துவிடுமோ என்ற அச்சத்தையும் அதில் பார்க்கலாம். சம்புவராயர் ஒருவர் ஞானசிவதேவர் என்ற உமாபதிதேவரிடம் போய் முறையிட, அவர் 28 நாள் பூசை செய்கிறார். பகைப்படை தோற்ற சேதி வந்ததும் ஆர்ப்பாக்கத்தையே அவருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். மயிலாடுதுறைப் பக்கம் பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டோ, இலங்காபுரித் தண்டநாயகன் உள்ளிட்டோர் தலைகளை மதுரை வாசலில் வைத்து ஆணி அடித்ததாகச் சொல்கிறது. குலசேகரன் மறுபடி மதுரையில்.

அதோடும் முடியவில்லை. கொஞ்ச வருஷத்தில் இதே குலசேகரன் இலங்கையோடு சேர்ந்துகொண்டான். சோழர் உடனே கட்சி மாறி, யாரை விரட்டினார்களோ அதே வீரபாண்டியனை மதுரைக்குக் கொண்டுவந்தார்கள். திருவாலங்காட்டுக் கல்வெட்டு இதைச் சொல்கிறது. ஊராத்துறை, மாதோட்டம், வலிகாமம் என்று ஈழத்துக் கரையோர ஊர்களின் பெயர்கள் அதில் வருகின்றன. அங்கெல்லாம் படகு கட்டிப் படை திரட்டினார்களாம். பிறகு வீரபாண்டியன் சரியில்லை என்று ஆனதும் மூன்றாம் குலோத்துங்கன் படையெடுத்து, குலசேகரன் வழியில் வந்த விக்கிரம பாண்டியனை உட்கார வைத்தான்.

இதையெல்லாம் நோட்டில் எப்படி எழுதுவது? பராக்கிரமன், குலசேகரன், வீரபாண்டியன், மறுபடி குலசேகரன், மறுபடி வீரபாண்டியன், விக்கிரமன். அம்புக்குறி போட்டால் நாற்காலி விளையாட்டு மாதிரி இருக்கும். யார் பாட்டை நிறுத்தினார்கள் என்பது மட்டும் தெரியாது. பொலன்னறுவையில் ஒருவர், கங்கைகொண்ட சோழபுரத்தில் ஒருவர் என்று இரண்டு பேர் பாட்டுப் போட்டார்கள், மதுரையில் பாண்டியர்கள் சுற்றி வந்தார்கள். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிக் கொடுத்தால் போதும், ஆறு பெயரையும் மறந்தாலும் பரவாயில்லை என்பேன்.

இரண்டு முடிவில் எது நிஜம்? சூளவம்சம் சொன்ன வெற்றியும் நடந்திருக்க வேண்டும், பல்லவராயன்பேட்டை சொன்ன தோல்வியும் நடந்திருக்க வேண்டும். சூளவம்சம் தனக்குப் பிடித்த இடத்தில் கதையை நிறுத்திக்கொண்டது. சோழக் கல்வெட்டோ தன் ஆள் ஜெயித்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. எங்கே ஆரம்பிக்கிறார், எங்கே முடிக்கிறார் என்று பார்ப்பதுதான் சான்றைப் படிப்பதில் முதல் பாடம். பட்டியல் இந்தப் பாடத்தை நடத்தவே முடியாது, அதற்கு ஆரம்பமும் முடிவும் பெயர்கள்தானே.

யார் ஒப்புக்கொண்டார்கள்?

பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டில் இன்னொரு சேதி இருக்கிறது, போர்ச் சேதியைவிட எனக்கு அது பெரிசாகப் படுகிறது. இரண்டாம் ராஜாதிராஜனே எப்படி ராஜாவானான் என்று அது சொல்கிறது. முந்தைய மன்னன் இரண்டாம் ராஜராஜனுக்கு ஒரு வயதும் இரண்டு வயதுமான குழந்தைகள்தான். அதனால் விக்கிரமசோழனின் பேரன் ஒருவனை வரவழைத்து முடிக்கு உரியவனாக்குகிறார்கள். ராஜராஜன் இறந்ததும் அமைச்சர் பல்லவராயர் குழந்தைகளையும் அந்தப்புரத்தையும் பாதுகாப்பாகக் கூட்டிக்கொண்டு வருகிறார். பிறகு அந்தப் பேரனுக்கு முடிசூட்டி, உடன்கூட்டமும் நாடும் ஒன்றுபட்டு நடக்கும்படி செய்கிறார்.

உடன்கூட்டம், நாடு. யார் யார் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று ஒரு சோழ அமைச்சரின் கல்வெட்டே பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறது. இந்தப் பட்டியல்தான் நமக்கு வேண்டிய பட்டியல். ராஜாதிராஜன் பெயருக்கு மேலே அம்புக்குறி போட்டால் ராஜராஜனின் மகன் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவன் மகன் இல்லை. சொந்த மகன் தொட்டிலில் இருக்கும்போது வெளியிலிருந்து வந்தவன்.

ஆகவே "யாருக்கு அப்புறம் யாரு" என்பதற்குப் பதிலாகக் கேட்க வேண்டியது, "யாரு சொல்லி ராஜா ஆனாரு, யாரெல்லாம் சரின்னாங்க?"

இந்தக் கேள்வி பழைய கல்வெட்டோடு நின்றுவிடவில்லை. எங்கள் ஊர் ஜமீன் வரைக்கும் வந்திருக்கிறது. பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவரைத் தமிழ் படித்த எல்லாருக்கும் தெரியும். 1901-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவர். அவருடைய தகப்பனார் பொன்னுச்சாமித் தேவர். பொன்னுச்சாமித் தேவரின் தம்பி முத்துராமலிங்க சேதுபதி. இந்த முத்துராமலிங்கர் ராமநாதபுரத்துக்கு வந்தது சுவீகாரத்தில். சேதுபதி 1830-இல் இறந்து, பெண் மக்களும் இறந்த பிறகு, ராணி பர்வதவர்த்தினி நாச்சியார் 1847-இல் அவரைச் சுவீகாரம் எடுத்தார். புருஷன் உத்தரவு இல்லாமல் விதவை சுவீகாரம் எடுத்தது செல்லாது, சமஸ்தானம் சர்க்காருக்குத்தான் என்று மதுரைக் கலெக்டர் தரப்பு வழக்காடியது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1868-இல் தீர்ப்பானது.

தீர்ப்பு என்ன? புருஷன் அனுமதி இல்லாவிட்டாலும் அவருடைய பங்காளிகள் சம்மதம் இருந்தால் தென்னாட்டு வழக்கப்படி சுவீகாரம் செல்லும். அதோடு, நிரூபிக்கப்பட்ட வழக்கம் எழுதிவைத்த சாஸ்திரத்தைவிட வலுவானது என்றும் சொன்னார்கள். இந்தியச் சட்டக் கல்லூரிகளில் இன்றைக்கும் பாடமாக இருக்கிற தீர்ப்பு இது. அந்த வழக்கில் கோர்ட் வம்சாவளியை மட்டும் வாங்கிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லவில்லை, யார் சம்மதித்தார்கள் என்று சாட்சியம் பார்த்தது. 12-ஆம் நூற்றாண்டில் உடன்கூட்டம், 19-ஆம் நூற்றாண்டில் பங்காளிகள். இரண்டையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. கேட்ட கேள்வி ஒன்று. சேதுபதிகள் பட்டியலில் இதுவும் ஓர் அம்புக்குறியாகத்தான் இருக்கும். நடுவில் பல வருஷம் சமஸ்தானத்தை நடத்திய ராணியின் பெயர் பல பட்டியல்களில் அடைப்புக்குறிக்குள் போய்விடும்.

பட்டியல் போட்டவர்கள் பக்கம்

எதிர்வாதத்தையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நியாயம் இல்லை. பட்டியல் இல்லாமல் கல்வெட்டைப் படிக்கவே முடியாது. பாண்டியர் கல்வெட்டுகளில் சக வருஷம் போடுவது அபூர்வம். இன்ன ராஜாவுக்கு இத்தனையாவது யாண்டு என்றுதான் இருக்கும். சிலவற்றில் யாண்டு இரண்டு, இதனெதிர் பதினொன்று என்று இரட்டையாக இருக்கும். கூட்டினால் பதின்மூன்று. ஏன் அப்படி இரண்டாகப் பிரித்தார்கள் என்பதற்கு ஒத்த கருத்து கிடையாது. ராஜா பெயரும் சடையவர்மன், மாறவர்மன் என்று திரும்பத் திரும்ப வரும். எத்தனை சுந்தரபாண்டியன், எத்தனை குலசேகரன்! கல்வெட்டில் சொன்ன நாள், கிழமை, நட்சத்திரம் இவற்றைக் கணக்குப் போட்டுத்தான் கீல்ஹார்ன், சுவாமிக்கண்ணுப் பிள்ளை போன்றவர்கள் ஒவ்வொருவருடைய காலத்தையும் நிர்ணயித்தார்கள். அதன் மேல்தான் நீலகண்ட சாஸ்திரியார் 1929-இல் பாண்டியர் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதினார். தமிழில் சதாசிவ பண்டாரத்தார் எழுதினார். உடைந்த கல்லிலிருந்து வரிசையை எழுப்பியவர்கள் அவர்கள். கும்பிட வேண்டிய உழைப்பு.

அவர்கள் "இருக்கலாம்", "கருத இடமுண்டு" என்று எழுதிய இடங்களை எல்லாம் நாம் உதிர்த்துவிட்டு, பெயரையும் வருஷத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டோம் என்பதுதான் என் குறை. 13-ஆம் நூற்றாண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். சடையவர்மன் சுந்தரபாண்டியன் 1251-இல் பட்டத்துக்கு வருகிறான். சடையவர்மன் வீரபாண்டியன் 1253-இல் வருகிறான். முன்னவன் போய்ப் பின்னவன் வரவில்லை, இரண்டு பேரும் ஒரே காலத்தில் ஆண்டார்கள். அந்த நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோ, ஐந்து சகோதர ராஜாக்கள் இருப்பதாக எழுதினார். சூளவம்சமும் பாண்டிய நாட்டை ஆண்ட ஐந்து சகோதரர் என்கிறது. இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் நின்றவர்களை ஒருவர் தலைமேல் ஒருவராக ஏற்றி நிறுத்துவதுதான் நோட்டுப் பட்டியல். 1310-இல் தகப்பன் குலசேகரன் கொலையானதும் சுந்தரபாண்டியனும் வீரபாண்டியனும் மோதிக்கொண்டார்களே, அது ஏன் என்று பட்டியலைப் பார்த்துப் புரிந்துகொள்ள முடியாது. பலர் சேர்ந்து ஆளுகிற வழக்கம் இருந்த வீட்டில் மூத்த இடம் யாருக்கு என்ற தகராறு என்று பார்த்தால் கொஞ்சம் புரியும். மறு வருஷம் மாலிக் காபூர் படை உள்ளே வந்ததற்கும் அந்தத் தகராறு வழிவிட்டது.

இதில் நமக்கு என்ன?

ராஜா பெயர் மட்டும்தான் வரலாறு என்று ஆகிவிட்டால் என்ன நடக்கும் என்பதைக் கண்ணால் பார்க்கிறோம். திருப்பணி நடக்கும்போது, "இதுல ராஜா பேர் ஒண்ணும் பெருசா இல்லையே, ஏதோ ஆட்டுக் கணக்குதான்" என்று சொல்லி எழுத்துக் கல்லைத் திருப்பிப் பதிக்கிறார்கள். மணல்வீச்சு அடித்து எழுத்தை அழிக்கிறார்கள். பெயர் இருக்கிற கல்லுக்கோ வேறு கஷ்டம். எந்த ராஜா எங்க ஆளு என்று ஃபிளெக்ஸ் போர்டு. அம்புக்குறியை நீட்டிக்கொண்டே வந்து தன் வீட்டு வாசலில் சேர்க்கிற ஆசை யாரைத்தான் விட்டது? 1018-இல் ராஜேந்திரன் செய்ததும் ஏறக்குறைய அதுதான். ஆனால் அவனிடம் படை இருந்தது, நம்மிடம் கல்வெட்டு மட்டும்தான் இருக்கிறது. அதையும் அழித்துவிட்டால் எதை வைத்துச் சண்டை போடுவது?

அந்த ஆட்டுக் கணக்கை லேசாக நினைக்காதீர்கள். ஒரு நந்தா விளக்கு எரிய இத்தனை ஆடு என்று கொடுப்பார்கள். ஆடு வளர்ப்பவர் நெய் அளக்க வேண்டும். ஆடு செத்தாலும் குட்டி போட்டுத் தொகை குறையாமல் இருக்க வேண்டும். அதற்குத்தான் சாவா மூவாப் பேராடு என்று பெயர். இன்றைக்கும் கோடையில் கரிசக்காட்டில் கிடை போடுகிற ஊர் இது, ஆட்டின் அருமை சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பள்ளிமடத்துக் கல்லில் அந்த ஆட்டுக் கணக்குக்கு மேலே வீரபாண்டியன் பெயரும் யாண்டும் இருக்கிறது என்றால், அந்த வருஷத்தில் இந்த ஊர்க்காரர் தங்கள் காலத்தை அவன் பெயரால் எண்ணச் சம்மதித்தார்கள் என்று அர்த்தம். இந்தக் கரிசல் பூமியின் உடன்கூட்டமும் நாடும் கொடுத்த சாட்சியம் அதுதான். வேறு சாட்சியம் நமக்குக் கிடைக்கப் போவதில்லை.

தம்பியிடம் நோட்டைக் கிழிக்கச் சொல்லவில்லை. பரீட்சைக்குப் பட்டியல் வேண்டும், படிக்கட்டும். ஒவ்வொரு அம்புக்குறிக்குப் பக்கத்திலும் ஒரு வரி எழுதச் சொன்னேன். மகனா, தம்பியா, வெளியாள் வைத்தவரா? அதைச் சொல்வது யார், வென்றவரா தோற்றவரா? தெரியாவிட்டால் ஒரு கேள்விக்குறி. ரெண்டு நாள் கழித்து நோட்டைக் கொண்டுவந்து காட்டினான். பாதிக்கு மேல் கேள்விக்குறிதான்.

"என்னண்ணே, படிச்சதுக்கு அப்புறம் ஒண்ணுமே தெரியாத மாதிரி ஆயிருச்சு?" என்றான்.

ராசசிம்மனுக்கும் வீரபாண்டியனுக்கும் நடுவில் அம்புக்குறியை அடித்துவிட்டு, "சுந்தரபாண்டியன், பள்ளிமடம்" என்று சின்ன எழுத்தில் எழுதி வைத்திருந்தான். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. அது சரியான விடைதான் என்று சொல்லி அனுப்பினேன்.